எர்த் போட்டாச்சு... கை வைக்கலாம்

அலறியது ஜாயின்டர்.

கேபிள் முனைகளை இணைத்துத் தரும் அந்த மனிதர், தும்மினால்கூட நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்கிற சாது. அவரே தொண்டை கிழியக் கத்தினார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்காது.

பேனல் அறையில் குந்தியிருந்த மெக்கர் நிமிர்ந்தான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜாயின்டர்தான்.

"அண்ணே... பம்ப் ரூமுக்கு ஓடியாங்க."

"என்னாச்சு?"

"உங்க மச்சினன்... கீழே கிடக்கிறாரு. கை கேபிள் மேலேயே இருக்கு. கூப்பிட்டா அசைய மாட்டேங்குறாரு அண்ணே..."

மெக்கர் துள்ளி எழுந்தான்.

அவன் ஓடத் தொடங்குவதற்குள் ஒரு சின்ன அறிமுகம். அப்புறம் நமக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது.

மெக்கர் என்பது ஒரு பெட்டி. கேபிளின் உறை கரண்ட்டைத் தாங்குமா, எங்காவது கசியுமா என்று சோதிக்கிற பெட்டி. அதைத் தோளில் சுமந்துகொண்டே திரிந்ததில் பெட்டியின் பெயர் ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் திறக்கப்படாத ஒரு குளிர்பதனக் கிடங்கில். பேனல் அறையிலிருந்து பம்ப் அறைக்கு மண்ணுக்கடியில் புதுக் கேபிள்கள் போட்டிருந்தார்கள். இந்த முனையில் மெக்கர். அந்த முனையில் காவலுக்கு அவன் பெண்டாட்டியின் தம்பி. சோதனைக்காக வோல்டேஜ் ஏற்றும்போது அந்தப் பக்கம் யாரும் கை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

சற்று முன்னால்தான் மெக்கர் அவனுக்குப் போன் செய்திருந்தான்.

"டெஸ்ட் பாஸ் மாப்ள. எர்த் போட்டாச்சு. கை வைக்கலாம்."

"சரி மாமா" என்று கொட்டாவியோடு பதில் வந்தது.

எர்த் போட்டது உண்மைதான்.

போட்டதை எடுத்துவிட்டான் என்பதும் உண்மைதான்.

சோதித்து முடித்த கேபிளுக்குள் கரண்ட் மிச்சம் தங்கும். எர்த் கிளிப்பை மாட்டினால் அது பூமிக்குள் இறங்கிவிடும். ஆனால் உடனே கிளிப்பை எடுத்துவிடக் கூடாது. பிழிந்த துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி பிழிந்தால் தண்ணீர் சொட்டுமே, அந்த மாதிரி, செத்துவிட்டது என்று நினைத்த கேபிளில் மறுபடியும் உயிர் ஊறும். அதனால்தான் கிளிப் கழற்றாமல் கிடக்க வேண்டும். அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

வழக்கமாக இரண்டு எர்த் கிளிப் இருக்கும். காலையில் ஒன்றைக் காணோம். மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். மெக்கர் முதல் கேபிளில் இருந்த கிளிப்பைக் கழற்றி அடுத்த கேபிளுக்கு மாட்டினான்.

கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று நினைத்தான்.

ஓடினான்.

பம்ப் அறை வாசலில் ஜாயின்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மச்சினன் ஒருக்களித்துக் கிடந்தான். வலது கை கேபிளின் செம்பு முனைமேல். உள்ளங்கை கருகியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"மாப்ள..."

மெக்கர் ஒரு கால் உள்ளே வைத்தான்.

அடுத்த கால் வரவில்லை.

லைன் செத்திருக்கிறதா? உயிரோடு இருக்கிறதா? கண்கள் தானாகவே காய்ந்த கட்டை ஏதாவது கிடக்கிறதா என்று தேடின. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

பின்னாலிருந்து யாரோ அவனை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார்கள்.

"டேய் தம்பி... என்னடா இது..."

சேஃப்டி அண்ணன்.

கம்பெனியின் முதலாளி. வாரா வாரம் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்து, ஹெல்மெட்டிலிருந்து செருப்பு வரை பாடம் நடத்துவார். அதனால் வந்த பெயர். அவர் அப்படியே மண்டியிட்டு, மச்சினனை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கதறினார்.

எல்லோரும் பார்த்தார்கள். ஒரு முதலாளி ஓடிப்போய்த் தூக்குகிறார். சொந்த மாமன் வாசலில் மரம் மாதிரி நிற்கிறான்.

"நான்... நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்..." என்றான் மெக்கர்.

சொல்லவும் செய்தான். ஆனால் பேனல் அறைக்கு ஓடிக்கொண்டே சொன்னான். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, அடுத்த கேபிளிலிருந்த கிளிப்பைப் பிடுங்கி முதல் கேபிளில் மாட்டினான்.



இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜைமேல் தேடுகிற ரகம். பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

"எனக்கு இந்தக் கரண்ட் சமாச்சாரம் ஒண்ணும் புரியாது. எங்க வீட்ல பல்பு மாத்தணும்னாகூட எங்க வீட்டுக்காரர்தான். நீங்க நிதானமா சொல்லுங்க. இந்தக் கேபிள்ல கரண்ட் இருந்துச்சா?"

"இல்லை மேடம். டெஸ்ட் முடிச்சு எர்த் போட்டுட்டேன்."

"அந்த கிளிப்பா?"

"ஆமா."

"போட்டதை எடுக்கவே இல்லை?"

"இல்லை."

பக்கத்தில் நின்ற சேஃப்டி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வந்தார்.

"மேடம், எங்க மெக்கரைப் பத்தி நான் சொல்றேன். எர்த் போடாம ஒரு கேபிளை விட்டுட்டு நகர மாட்டார். தங்கமான ஆள்."

"அப்போ சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "கிளிப் இருந்தா கேபிள் ஆளைக் கொல்லாது. கேபிள் கொல்லலைன்னா வேற யாரோ கொன்னிருக்காங்க. அப்படித்தானே?"



தன் தப்பை மறைக்க ஒரு பொய் சொன்னான். அந்தப் பொய், விபத்தாக இருந்ததைக் கொலையாக்கிவிட்டது. கொலை என்றால் அந்தக் கேபிளைத் தொட்ட ஆளைத்தான் முதலில் தேடுவார்கள்.

"கொலையா... அப்படி இருக்காது மேடம்."

"ஏன் இருக்காது?"

பதில் இருந்தது. அதைச் சொன்னால் கிளிப்பைக் கழற்றியதையும் சொல்ல வேண்டும்.

"ஊரைவிட்டு எங்கேயும் போயிடாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர், நெற்றியில் கண்ணாடி தட்டுப்பட்ட சந்தோஷத்தில்.

பிணவறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். அதன் ஒரு ஓரத்தில் அவன் மனைவி. அழுது முடித்த முகம். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அப்பா அம்மா போனபின் அவனுக்கு எல்லாமே அவள்தான்.

மெக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"கேளு."

"அவன் கிடந்தப்போ நீங்க அங்க இருந்தீங்களாமே?"

"இருந்தேன்."

"சேஃப்டி அண்ணன் ஓடிப்போய்த் தூக்கினாராம். மடியில போட்டுக்கிட்டு அழுதாராம். ஜாயின்டர் சொன்னாரு."

"ஆமா."

"நீங்க?"

மெக்கர் தன் கைகளைப் பார்த்தான்.

"நீங்க வாசல்ல நின்னீங்களாம். உங்களைத்தானேங்க அவன் மாமா மாமான்னு சுத்தி வந்தான். ஒரு தடவை தொட்டுப் பார்க்கக்கூட உங்களுக்குக் கை வரலையா?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இந்த மெல்லிய குரல் அவனை ரம்பம் போட்டு அறுத்தது. தொடவில்லை என்பதற்கே இப்படிக் கேட்கிறாள். 'கை வைக்கலாம் மாப்ள' என்று சொன்னதே நான்தான் என்று தெரிந்தால்?

அவன் எழுந்து வெளியே வந்தான். மரத்தடியில் சேஃப்டி அண்ணன் காத்திருந்தார். தோளில் கை போட்டார்.

"மெக்கர், நான் ஒண்ணு சொல்றேன். பதறக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"நீ கிளிப் மாட்டினதை நான் பார்த்தேன்."



"எப்போ..."

"தம்பி கிடந்ததுக்கு அப்புறம். உன் பின்னாடியே வந்து, பேனல் ரூம் ஜன்னல் வழியா பார்த்தேன். விடு. யாருக்கும் தப்பு வராதா? போலீஸ்கிட்ட நான் என்ன சொன்னேன்னு நீயே கேட்டேல்ல? தங்கமான ஆளுன்னு சொன்னேன். என் வாயை நான் பூட்டிட்டேன்."

"அண்ணே, நான்தான் அவனைக் கொன்னுட்டேன் அண்ணே."

"மெதுவா பேசு. உன் சம்சாரம் காதுல விழுந்தா குடும்பம் என்னாகும்? நீ உள்ளே போனா பிள்ளைங்க என்னாகும்?" அவர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். "எனக்கும் ஒரு ஒத்தாசை பண்ணு. அந்தப் பிள்ளைங்க ஆஸ்பத்திரி வேலை பாதியில நிக்குது. அங்க பிரேக்கர் டெஸ்ட் தம்பிதான் பண்ணிட்டிருந்தான். அதை நீ போய் முடிச்சு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுடு. அவன் ஆத்மா சாந்தியடையட்டும்."

இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இதுகூடச் செய்யவில்லையென்றால் எப்படி?

"போட்டுடுறேன் அண்ணே."

காரியங்கள் முடிந்த மறுநாள் காலையிலேயே போனான்.

ஆஸ்பத்திரியின் மின் அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. புத்தம்புதுப் பெயின்ட் வாசனையோடு பிரேக்கர்கள் வரிசையாக நின்றன. எங்காவது கோளாறு என்றால், கண் இமைப்பதற்குள் தானாக விழுந்து கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும். அதுதான் பிரேக்கரின் ஒரே வேலை.

மெக்கர் சோதனைப் பெட்டியை இணைத்து, கோளாறு வந்த மாதிரி கரண்ட்டைச் செலுத்தினான்.

பிரேக்கர் விழவில்லை.

கூட்டினான். இன்னும் கூட்டினான். கம்பி சூடாகி வாடை வந்தது. பிரேக்கர் சம்பந்தி வீட்டு விருந்தாளி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்த்தான். புதுப் பெயின்டுக்குக் கீழே பழைய துரு. எங்கோ கழற்றிப் போட்ட பழசுகளைச் சாயம் பூசிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

மச்சினன் போன வாரம் சாப்பிடும்போது ஏதோ சொன்னான். 'அந்த ஆஸ்பத்திரி பிரேக்கர் ஒண்ணுகூட விழ மாட்டேங்குது மாமா. அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். மாத்தலைன்னா நானே வெளியே சொல்லிடுவேன்.' மெக்கர் அன்றைக்குப் பாதிதான் காதில் வாங்கினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வார்டு. ஒரு குழந்தை விட்டு விட்டு அழுதது. யாரோ பாட்டுப் பாடி அதைச் சமாதானம் செய்தார்கள்.

கையெழுத்துப் போட்டால் தப்பித்துவிடலாம். பெண்டாட்டிக்குத் தெரியாது. போலீஸுக்குத் தெரியாது. சேஃப்டி அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு அவசரத்துக்குத் தலையாட்டியே ஒரு உயிர் போயிற்று. இதற்கும் தலையாட்டினால்?

பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மனைவி தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். மெக்கர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான் கொன்னேன்" என்றான்.

அவள் கை நின்றது.

எல்லாவற்றையும் சொன்னான். ஒரு கிளிப். அவசரம். போனில் சொன்ன வார்த்தை. திரும்ப மாட்டியது. போலீஸிடம் சொன்ன பொய். ஆஸ்பத்திரி பிரேக்கர். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அவள் அந்தச் சட்டையை மடித்து முடித்தாள். அப்புறம் மடியிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"கை வைக்கலாம்னு நீங்களா சொன்னீங்க?"

"ஆமா."

"உங்களை நம்பித்தானே வச்சிருப்பான்."

"ஆமா."

"எழுந்திரிங்க. இதையெல்லாம் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. நானும் வரேன். நீங்க பாதியில திரும்பிடாம பார்த்துக்கணும்ல?"

ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடி இன்று மூக்கிலேயே இருந்தது.

"ஆக, நீங்க கொன்னுட்டீங்க."

"ஆமா மேடம்."

"ஒரு சந்தேகம். கிடந்தவர் உங்க மச்சினன். ஆசையா வளர்த்த பையன். ஏன் நீங்க ஓடிப்போய்த் தூக்கலை?"

மெக்கர் மனைவியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுதான் மேடம் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. கரண்ட் அடிச்சுக் கிடக்கிற ஆளை வெறுங்கையால தொடக் கூடாது. லைன் இன்னும் உயிரோட இருந்தா தொடுறவனையும் இழுத்துடும். முதல்ல சப்ளை போயிடுச்சான்னு பார்க்கணும். இல்லைன்னா காய்ஞ்ச கட்டையால தள்ளிவிடணும். நாங்க யோசிச்சுச் செய்யறதில்லை. கை தானா நின்னுடும். பழக்கம் மேடம். என் சொந்த மச்சினன் கிடக்கிறான், என் பழக்கம் என்னை நிறுத்திடுச்சு. நான் மனுஷனே இல்லை."

"ம்" என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவால் மேஜையைத் தட்டினார். "இந்தப் பழக்கம் உங்களுக்கு மட்டும்தானா?"

"இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும்தான்."

"ம்..." இந்தத் தடவை 'ம்' கொஞ்சம் நீளமாக வந்தது. "நாளைக்குக் காலையில அந்த பம்ப் ரூமுக்கு வாங்க. நடந்ததை நடந்த மாதிரியே செஞ்சு பார்க்கணும். உங்க மச்சினன் இடத்துல நீங்க படுக்கணும். முடியுமா?"

தண்டனை ஆரம்பித்துவிட்டது என்று மெக்கர் நினைத்தான். இதைவிடக் கடுமையாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"முடியும் மேடம்."

பம்ப் அறையில் இப்போது விளக்குகள் எரிந்தன. கிடங்குக்கு சப்ளை வந்துவிட்டது. எங்கிருந்தோ ட்ரான்ஸ்ஃபார்மரின் உறுமல் கேட்டது.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி மெக்கர் சீக்கிரமே வந்திருந்தான். அந்தக் கேபிளின் இரண்டு முனைகளிலும் தன் கையாலேயே எர்த் மாட்டி, ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்தான். இந்தப் பக்கத்து கிளிப்பைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

படுத்தான். மச்சினன் கிடந்த அதே தரை. அதே சில்லிப்பு. செம்பு முனையை வலது கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். 'மன்னிச்சுடு மாப்ள' என்று மனசுக்குள் சொன்னான்.

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. அவன் மனைவியும் ஜாயின்டரும் வந்து நிற்பது தெரிந்தது. அப்புறம் சேஃப்டி அண்ணன்.

"மெக்கர் ஒத்துக்கிட்டார் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "கிளிப்பைக் கழட்டினது அவர்தானாம்."

"எனக்குத் தெரியும் மேடம். காட்டிக்கொடுக்க மனசு வரலை. தப்பு என் பேர்லயும்தான்."

"பரவாயில்லை. இது சும்மா ஒரு சடங்கு. அன்னிக்கு நீங்க எப்படி ஓடி வந்து தூக்கினீங்களோ அப்படியே தூக்கிக் காட்டிட்டா முடிஞ்சது. எங்க, வாங்க பார்ப்போம்."

பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. தடதடவென்று வாசல் வரைக்கும் வந்தது.

நின்றுவிட்டது.

மெக்கர் கண்ணைத் திறக்கவில்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமியது.

"மேடம்... சப்ளை ஆஃப் பண்ணியிருக்கா?"

"தெரியலையே சார். காலையில யாரோ வந்து எதையோ முறுக்கிட்டுப் போனாங்க. நீங்க தூக்குங்க."

"அது எப்படி மேடம்? லைன் செத்துடுச்சான்னு பார்க்காம... ஒரு காய்ஞ்ச கட்டை ஏதாவது கொடுக்கச் சொல்லுங்க."

யாரும் கட்டை கொடுக்கவில்லை.

மெக்கர் மெல்லக் கண்ணைத் திறந்தான். சேஃப்டி அண்ணன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க கட்டை கேக்கலையே சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அன்னிக்கு... பாசம் மேடம். கண்ணு தெரியலை."

"இன்னிக்குப் படுத்திருக்கிறதும் உங்க ஆள்தானே? தங்கமான ஆள்னு வேற சொன்னீங்க. அதுக்குள்ள பாசம் தீர்ந்துடுச்சா?"

சேஃப்டி அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"கரண்ட் அடிச்சுக் கிடக்கிறவரை வெறுங்கையால தொடக் கூடாதுன்னு வாரா வாரம் பாடம் நடத்துற ஆள் நீங்க. சொந்த மாமனே தயங்கி நின்ன இடத்துல நீங்க மட்டும் பாய்ஞ்சு தூக்கினீங்க. ஏன்னா அந்தக் கேபிள்ல கரண்ட் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன் கரண்ட்ல சாகலைன்னு இந்த ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"என்ன மேடம் கதை கட்டுறீங்க?"

"கதை டாக்டர் கட்டினது. பையனோட வயித்துல தூக்க மருந்து. மூக்குக்குள்ள வெள்ளைப் பவுடர். ரப்பர் கையுறை ஒட்டிக்காம இருக்க நீங்க தூவுவீங்களே, அந்தப் பவுடர். கையுறை போட்ட கை ஒண்ணு மூக்கையும் வாயையும் பொத்தியிருக்கு. உள்ளங்கைக் காயம் உயிர் போனதுக்கு அப்புறம் சூட்டுக்கோல் வச்சு இழுத்தது. அது யார் கைன்னு தெரியாமத்தான் நாங்க உட்கார்ந்திருந்தோம். மெக்கர் வந்து அவர் பழக்கத்தைச் சொன்னப்புறம் உங்க வேனைத் திறந்து பார்த்தோம். டீ ஃப்ளாஸ்க் இருந்துச்சு, அதே தூக்க மருந்தோட. காணாமப்போன இன்னொரு எர்த் கிளிப்பும் இருந்துச்சு. அதை வச்சு இந்தப் பக்கம் கேபிளைக் காலி பண்ணிட்டுத்தான் பையன் கையைத் தூக்கி மேல வச்சிருக்கீங்க."

சேஃப்டி அண்ணன் திரும்பினார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். காய்ந்த கட்டைகள் அவர்களிடம்தான் இருந்தன.

"கிளிப்பை ஒண்ணாக்கினா மெக்கர் கழட்டித்தான் ஆவார். கழட்டினா வாயைத் திறக்க மாட்டார். பயந்த ஆளை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் கையெழுத்து வாங்கிடலாம். நல்ல திட்டம்தான் சார். அவர் பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லிடுவார்னு மட்டும் நீங்க எதிர்பார்க்கலை. எந்தப் புருஷன் சொல்லுவான், பாவம்."

சேஃப்டி அண்ணனைப் போலீஸ்காரர்கள் வெளியே கூட்டிப்போனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவரே பழக்கத்தில் தலையைக் குனிந்து ஏறினார்.

மெக்கர் இன்னும் தரையிலேயே கிடந்தான். கை கேபிளைப் பிடித்தபடியே இருந்தது.

"நான் கொல்லலையா மேடம்?"

"இல்லை."

"ஆனா கிளிப்பை எடுத்தது நிஜம். அந்த ஆள் காலி பண்ணலைன்னா அது கொன்னிருக்கும். நான் தப்பிச்சேன்னு என்னால நினைக்க முடியலை."

"நினைக்க வேண்டாம். தடயத்தைக் கலைச்சதுக்கும் பொய் சொன்னதுக்கும் தனியா ஒரு கேஸ் இருக்கு. செய்யாத கொலையை மறைக்க இவ்வளவு பாடுபட்ட ஆளை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை."

கொலுசுச் சத்தம் கேட்டது. மனைவி வந்து அவன் தலைமாட்டில் நின்றாள். கண் நிறைந்திருந்தது. தம்பிக்காகவா, இவனுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"கிளிப்பை எடுத்தீங்கல்ல. அதுக்கு உங்களை நான் லேசுல விடமாட்டேன்" என்றாள்.

"விடாதே."

"சரி, எழுந்திரிங்க."

குனிந்து, கேபிளைப் பிடித்திருந்த அவன் கையை அப்படியே தன் இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா இது, நீங்களும் சப்ளை ஆஃபான்னு கேக்காம தொட்டுட்டீங்க? என் கணக்குப்படி உங்களையும் சந்தேகப்படணுமே."

அவள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியாச்சு மேடம். இனிமே புதுசா கரண்ட் வந்துதான் என்னைத் தூக்கி அடிக்கப்போகுதா?"